பின் ஆக்ஸில் ஆயில் சீல்: பாம்பன் சாலையில் ஐந்து ஆண்டுகள்

பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு மீன் ஏற்றும் சிறிய சரக்கு வண்டி என்னுடையது. ஐந்து ஆண்டுகளில் இடதுபுறப் பின் ஆக்ஸில் சீலை, அதாவது ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியர் ஆயில் சக்கரப் பக்கம் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மூன்று முறை மாற்றிவிட்டேன். முதல் இரண்டும் வீண் செலவு.

மீன் வண்டியின் அடியில் எந்நேரமும் ஐஸ் தண்ணீர் ஒழுகும். அதில் எண்ணெய்ச் சொட்டு எங்கே தெரியப் போகிறது? பாம்பன் பாலத்தில் சுற்றுலா வந்தவர்கள் கார்களை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றத்தில் நின்ற என் வண்டி, கை பிரேக் போட்டும் பின்னால் நழுவியது. இறங்கிப் பார்த்தால் இடது டயரின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பிசுக்கு.

பிரேக் ஆயில் கசிந்தாலும் இப்படித்தான் தெரியும். விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் மெலிதாக இருக்கும், தண்ணீரில் கழுவினால் போய்விடும், மேலே டப்பாவிலும் அளவு குறையும். கியர் ஆயில் கெட்டியானது. மீன் வாடையையும் மீறிக் கந்தக நாற்றம் அடிக்கும். எனக்கு அடித்தது கந்தகம்.

முதல் பட்டறையில் சீலை மட்டும் மாற்றி, பழைய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டினார்கள். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங்; எண்ணெய் குடித்த லைனிங் சூடேறினால் மறுபடி கக்கும், பிரேக் பிடிக்காது. ஷூக்களை இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றியிருக்க வேண்டும். ஏழு மாதத்தில் சீலும் மீண்டும் கசிந்தது. இரண்டாவது சீலும் அதே கதைதான்.

மூன்றாவது முறை, ஏப்ரல் 15 தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், உச்சிப்புளியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் சக்கரத்தைத் தொடவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, ஆக்ஸில் ஹவுசிங்கின் (ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக் கூட்டின்) மேல், உள்காற்று வெளியேற இருக்கும் சின்ன ப்ரீதர் மூடியைச் சுரண்டினார். "தம்பி, இது மூச்சு விட்டு எத்தனை நாளாகிறது?" உப்புத் துருவும் மணலும் சேர்ந்து இறுகிப்போயிருந்தன. ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது; போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளுகிறது. போதாக்குறைக்கு முந்தைய பட்டறையில் "கூடக் கொஞ்சம் இருக்கட்டும்" என்று ஆயில் எதுவரை இருக்கலாம் என்று காட்டும் அளவு துளைக்கு மேலேயும் ஆயில் ஊற்றியிருந்தார்கள்.

பிறகுதான் ஆக்ஸிலை உருவினார். சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டினார், பள்ளம் தட்டியது. புதுச் சீலைச் சற்று வெளியே தள்ளி உட்கார வைத்தார், உதடு தேயாத இடத்தில் படும்படி. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயை நோக்கி. உதட்டில் ஆயில் தடவி. ஆக்ஸிலின் பல் வெட்டிய முனை சீலைக் கீறிவிடாமல், அதைக் கையில் தாங்கியபடி நுழைத்தார். பேரிங்கில் ஆட்டம் இல்லாததால் அதை மாற்றவில்லை. விற்கப் பார்க்காத மனிதர்!

இருபத்திரண்டு மாதமாக இடதுபுறம் காய்ந்து கிடக்கிறது. மாதம் ஒருமுறை ப்ரீதர் மூடியைத் திருகிப் பார்க்கிறேன். அடிப்பாகத்தைக் கழுவ எங்கள் தெரு போர் தண்ணீர் உதவாது, அதுவே உப்பு. விலைக்கு வாங்கும் குடிநீரில் ஒரு குடம் வண்டிக்குப் போகிறது. வீட்டில் அதற்குத் தனியாகத் திட்டு.

வலதுபுறச் சீல் வண்டியோடு வந்ததுதான். போன வாரம் ட்ரம் ஓரத்தில் லேசான ஈரம் தெரிந்தது. முகர்ந்தேன், கந்தகம். அடுத்த தடைக்காலம் வரை காத்திருக்க முடியாது.