சலப்பை வலிக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: உப்புவெளி ஆலோசனை முகாமில் கண்டதும் கேட்டதும்

கடந்த மாதம் திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதி மண்டபத்தில் நடந்த, வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலங்களை உடலில் ஏற்றும் ஸ்டெம் செல் சிகிச்சைக்கான ஆலோசனை முகாமுக்கு அக்காவுடன் போய்வந்தேன். நடத்தியவர்கள் வெளிநாட்டுச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு இங்கிருந்து நோயாளரைச் சேர்த்துவிடும் முகவர்கள். அவர்களின் பெயரை எழுதுவது என் நோக்கமன்று. ஏழு ஆண்டுகளாகச் சலப்பை (சிறுநீர்ப்பை) வலியோடு பள்ளிக்கூடத்தில் படிப்பித்து வருகிறவள் என்ற முறையில், அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதை மட்டும் பதிகிறேன்.

இந்த நோய் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். சலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் கிருமி எதுவும் வளரவில்லை என்றே அறிக்கை வரும். ஆனாலும் பை நிரம்ப நிரம்ப வலி ஏறும், கழித்தபின் சற்று அடங்கும், மீண்டும் தொடங்கும். வைத்தியர்கள் இதை இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்றும் சலப்பை வலி நோய்த்தொகுதி என்றும் அழைக்கிறார்கள். கொழும்பு பஸ்ஸில் ஏறினால், கழிவறைக்கு இறங்கக்கூடிய ஹபரணை வரும்வரை எனக்கு யன்னலுக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை. தேத்தண்ணி, கோப்பி, தக்காளி, புளிப்பான பழங்கள், உறைப்பு ஆகியவை பலருக்கு வலியைக் கிளப்பிவிடுவதால், நாங்கள் எதைக் குடிக்கிறோம் என்பதும் கழிவறை எங்கே இருக்கிறது என்பதும்தான் எங்கள் நாளைத் தீர்மானிக்கின்றன.

அந்த மண்டபத்தில் வரவேற்பாகத் தந்தது தேசிக்காய்ச் சாறு. வேண்டாம் என்றவர்களுக்குக் கோப்பி. கழிவறை கீழ்த்தளத்தில் இருந்தது. அதன் திறப்பு முன்மேசையில் இருந்தது. முன்மேசையில் ஆள் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர், கையில் சாறுக் குவளையோடு, படியிறங்குவதா இருப்பதா என்று தடுமாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. சலப்பை நோயாளருக்கென்று கூட்டிய கூட்டத்தில் இதை ஒருவரும் யோசிக்கவில்லை என்றால், இவர்களுக்கு இந்த வருத்தத்தோடு எவ்வளவு பழக்கம் இருக்கும் என்று அக்கா அப்போதே என் காதில் கேட்டாள்.

ஒரு நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். ஆலோசகராக இருந்த இளைஞர் ஏறத்தாழ நாற்பது நிமிடம் என் கதையை இடைமறிக்காமல் கேட்டார். நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில் எந்த வைத்தியருக்கும் அவ்வளவு நேரம் கிடைக்காது. அது அவர்களின் குற்றமுமன்று. வலியைப் பற்றி ஒருவர் முழுதாகக் கேட்டுவிட்டாலே பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது, இந்தச் சேவையின் பலமும் ஆபத்தும் அதில்தான் இருக்கின்றன. வெள்ளைக் கோட்டு அணிந்திருந்த அந்த இளைஞர் வைத்தியரல்லர் என்பது நானாகக் கேட்டபிறகே தெரியவந்தது.

அவர் கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் பட்டது. கமராக் குழாய் விட்டுச் சலப்பையைப் பார்த்தார்களா, உட்சுவரில் புண் இருந்ததா என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. 1915இல் அமெரிக்க வைத்தியர் கை ஹன்னர் விவரித்து, இன்றும் அவர் பெயரால் வழங்கும் அந்தப் புண்கள் உள்ளவர்களுக்கு, அவற்றைச் சுட்டுக் கருக்கும் சிகிச்சையே நல்ல ஆறுதலைத் தருவதுண்டு. புண் இல்லாதவர்களுக்கு வழி வேறு. எனவே எந்தச் சிகிச்சைக்கும் முன்னர் கேட்கவேண்டிய கேள்வி அது.

என் கேள்விகளுக்கு வந்த விடைகளை அப்படியே தருகிறேன்.

"தம்பி, இந்தக் கலங்களை எங்க ஏத்துவீங்கள்?"

"கையிலதான் ரீச்சர், சேலைன் மாதிரி. உங்கட வயித்துக் கொழுப்பில இருந்துதான் எடுக்கிறது."

"கையில ஏத்தினா சலப்பைக்கு எப்பிடிப் போகும்?"

"அது வருத்தம் உள்ள இடத்தைத் தானே தேடிப் போகும் ரீச்சர்."

நாளத்தில் ஏற்றப்படும் இவ்வகைக் கலங்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது என்பது ஆய்வாளர் நன்கறிந்த விடயம். அவர் தந்த துண்டுப்பிரசுரத்தில் "கொரியாவில் நிரூபிக்கப்பட்டது" என்று இருந்தது. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். சியோலில் உண்மையாகவே ஒரு பரிசோதனை நடந்து, 2022இல் அதன் முடிவு வெளியாகியிருக்கிறது. எலிகளில் கிடைத்த ஊக்கமான முடிவுகளைத் தொடர்ந்து மனிதரிடம் செய்த அந்த முதற்கட்ட ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மூன்றே பேர். அதன் முதன்மை நோக்கம் பாதுகாப்பைப் பார்ப்பது. கலங்கள் கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல, கருவின் கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்டவை; கையில் ஏற்றப்படவில்லை, சலப்பைச் சுவருக்குள்ளேயே ஊசியால் செலுத்தப்பட்டன. கலமும் வேறு, வழியும் வேறு. அந்த ஆய்வைக் காட்டி இதை விற்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைக் காட்டித் தன் பிள்ளைக்குக் கம்பஸில் இடம் கேட்பது போன்றது.

பக்கவிளைவைப் பற்றிக் கேட்டபோது, "உங்கட சொந்தக் கலம்தானே ரீச்சர், ஒண்டும் செய்யாது" என்றார். அமெரிக்காவின் புளோரிடாவில் தங்கள் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைக் கண்ணுக்குள் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பறிகொடுத்த செய்தியை 2017இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. சொந்தக் கலம் என்பது ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது.

கட்டணம் பதினெட்டு இலட்சம் ரூபாய்; விமானச் செலவு தனி. நம்மவர்கள் சிகிச்சைக்கு அதிகம் போகும் இந்தியாவில்கூட, 2017இல் வெளியான தேசிய வழிகாட்டல்கள் இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றத்தைத் தவிர மற்றவற்றை ஆய்வாகவே கருதச் சொல்கின்றன. ஆய்வு என்றால் அதில் சேருகிறவரிடம் காசு வாங்கக்கூடாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தரச் சொன்னேன். மூன்று நாள் கழித்து வட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு பக்கம், முழுதும் ஆங்கிலம், தடித்த எழுத்தில் இருந்த ஒரே வரி, செலுத்திய பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்பது.

ஐந்துக்கு ஒன்று கொடுக்கிறேன், அந்த ஒன்றும் பொறுமையாகக் கேட்ட இளைஞருக்காக. சியோல் போன்ற இடங்களில் நடக்கும் ஆராய்ச்சியை நான் தள்ளிவிடவில்லை. இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று அது வளர்ந்து வந்தால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். இப்போதைக்குப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் வலியைத் தணிக்கத் தந்த அமிட்ரிப்டிலின் மாத்திரையும், உணவுக் கட்டுப்பாடும், நேரம் பார்த்துச் சலம் கழிக்கும் பயிற்சியும் என்னை வகுப்பறையில் நிறுத்தி வைத்திருக்கின்றன. போகத்தான் வேண்டும் என்பவர்கள் கமராப் பரிசோதனை அறிக்கையையும் ஒரு போத்தல் தண்ணீரையும் கொண்டு போங்கள், உள்ளே நுழைந்ததும் கழிவறைத் திறப்பு யாரிடம் என்று கேட்டு வையுங்கள். அடுத்த முகாமுக்கான அறிவித்தல் நேற்று வந்தது. குளிர்பானம் வழங்கப்படும் என்று போட்டிருக்கிறார்கள்.