ராஸ்பெர்ரி பையில் ஹோம் அசிஸ்டன்ட்: நீண்ட நாள் ஓட்டத்தில் அது எங்கெங்கே சிக்குகிறது

வீட்டு விளக்கையும் சென்சாரையும் இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறீர்கள்; இரண்டும் சேர்ந்ததுதான் வீட்டின் கன்ட்ரோலர். ஒருநாள் ஆப்பில் ஹால் லைட்டைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் தானாக எரியவேண்டிய வாசல் விளக்கும் எரியவில்லை. உடனே கை அடாப்டரைப் பிடுங்கத்தான் போகும். பிடுங்கிச் செருகினால் பெரும்பாலும் உயிர் வந்தும் விடும். ஆனால் எது சிக்கியது என்ற தடயம் அதோடு போய்விடும். அந்த நேரத்தில் டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருந்தால் அதுவும் பாதியில் அறுந்துவிடும். பிடுங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் பார்த்துவிடுவது நல்லது.

பார்க்கவேண்டிய வரிசை இது. போர்டில் சிவப்பு எல்இடி நிலையாக எரிகிறதா என்று முதலில் பாருங்கள். பை 4 மாடலில் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது அணைந்துவிடும், விட்டுவிட்டு இறங்கினால் மினுக்கும். அடுத்து பிரவுசரில் பெயரை விட்டுவிட்டு நேரடி ஐபி முகவரியைப் போட்டுப் பாருங்கள். ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனபின் ஐபி மாறியிருந்தால் கன்ட்ரோலர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், போன்தான் பழைய விலாசத்தில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரில் பையின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் அடையாள எண்) ஒரு ஐபியை ரிசர்வ் செய்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

ஐபி சரியாக இருந்தும் ஹோம் அசிஸ்டன்ட் பக்கம் வரும் 8123 போர்ட் திறக்கவில்லை என்றால், அதே ஐபியில் 4357 போர்ட்டைத் திறந்து பாருங்கள். இது அப்சர்வர் பக்கம், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சூப்பர்வைசர் (மேற்பார்வை புரோகிராம்) கனெக்டட் என்று அங்கே வந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது, கோர் எனும் ஹோம் அசிஸ்டன்டின் முக்கிய புரோகிராம் மட்டும்தான் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, கோர் லாக், கோர் செக், கோர் ரீஸ்டார்ட் கட்டளைகளை அதே வரிசையில் கொடுத்தால் போதும். யாமல் என்ற செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு ஸ்பேஸ் தள்ளிப்போயிருந்தாலும் செக் வரி எண்ணோடு சொல்லிவிடும். 4357-ம் திறக்கவில்லையா, அப்போது கரன்ட், கார்டு, நெட்வொர்க் கேபிள் மூன்றில் ஒன்று.

கரன்ட் விஷயத்தில் செய்யும் பொதுவான தப்பு, மொபைல் சார்ஜரை வைத்து ஓட்டுவது. பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மொபைல் ஃபாஸ்ட் சார்ஜரில் 33 வாட் என்று போட்டிருந்தாலும், அது 9 வோல்ட்டுக்கு மேல் தரும் கணக்கு. 5 வோல்ட்டில் பலது 2 ஆம்பியரோடு நின்றுவிடும். நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து பை 4 தருவதே 1.2 ஆம்பியர்தான். அதில் ஒரு எஸ்எஸ்டியும், பல்பு, சென்சார்களோடு ஜிக்பீ ரேடியோவில் பேசும் ஒரு யுஎஸ்பி ஸ்டிக்கும் உட்காரவேண்டும். மெல்லிசான சார்ஜிங் கேபிள் ஒன்று போதும், எஸ்எஸ்டி வேகமாக எழுதும் நேரத்தில் வோல்டேஜைக் கீழே இழுத்துவிட. ஹோம் அசிஸ்டன்டிலேயே ராஸ்பெர்ரி பை பவர் சப்ளை செக்கர் இருக்கிறது. அது ஒரு தடவை குறை சொல்லியிருந்தாலும் வேறெதையும் தேடாமல் முதலில் அடாப்டரை மாற்றுங்கள்.

வெப்பத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 80 டிகிரியைத் தொட்டதும் பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றில்லாத டிவி யூனிட் உள்ளே, ரூட்டருக்கு மேலே, கத்திரி வெயில் நாளில் வைத்தால் மதியம் மட்டும் மந்தமாக இருக்கும், ராத்திரி சரியாகிவிடும். அலுமினியக் கேஸ் போட்டு வெளியே எடுத்து வைத்தால் தீர்ந்தது.

எஸ்டி கார்டு தேய்கிற பொருள். ஹோம் அசிஸ்டன்டின் ரெக்கார்டர் ஒவ்வொரு சென்சாரின் ஒவ்வொரு மாற்றத்தையும் 5 விநாடிக்கு ஒருமுறை டேட்டாபேஸில் எழுதுகிறது, 10 நாள் வைத்திருக்கிறது. மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்று வோல்டேஜ், ஆம்பியர், வாட் மூன்றையும் ஓயாமல் அனுப்பினால் கார்டுக்கு ஓய்வே கிடையாது. தேய்ந்த கார்டு ஒரேயடியாகச் சாகாது. முதலில் ஹிஸ்டரி பக்கம் இழுக்கும், பிறகு அப்டேட் பாதியில் நிற்கும், கடைசியில் கார்டு எழுத மறுத்துவிடும். படிக்க மட்டும் முடியும் என்பதால் வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். 120 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் தீர்வு. மாறும்வரை வோல்டேஜ், சிக்னல் அளவு, அப்டைம் சென்சார்களை ரெக்கார்டரிலிருந்து விலக்குங்கள், எழுதும் இடைவெளியான கமிட் இன்டர்வலை 30 விநாடியாக்குங்கள்.

ஒரு வேடிக்கை: மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அதிகாலையில் மட்டும் கன்ட்ரோலர் உறைந்தால் அது பேயல்ல. தினமும் 4:12-க்குப் பழைய தரவைக் கழிக்கும் ரெக்கார்டர், அந்த ஒரு நாள் டேட்டாபேஸ் முழுவதையும் திரும்ப அடுக்கும். டேட்டாபேஸ் பருத்து, வேகம் குறைந்த கார்டில் இருந்தால் அந்த வேலை வெகுநேரம் இழுக்கும். அந்த நேரத்தில் பிடுங்குவதைவிடப் பெரிய கெடுதல் அதற்கு இல்லை.

எஸ்எஸ்டிக்கு மாறியதும் இன்னொரு வம்பு வரும். நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கொட்டும், ஜிக்பீ ஓடுவதும் அதே பட்டையில்தான். பக்கத்துப் போர்ட்டிலேயே ஸ்டிக்கைச் செருகினால் கிட்டத்து பல்பு கேட்கும், மாடி அறை சென்சார் காணாமல் போகும். கன்ட்ரோலர் போய்விட்டது என்று நினைக்கவைப்பது பல சமயம் இதுதான். ஸ்டிக்கைக் கருப்பு யுஎஸ்பி 2.0 போர்ட்டில், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டித் தள்ளி வையுங்கள். சேனலையும் பாருங்கள். வைஃபை 1, 6, 11 ஓடும் இடத்தில் ஜிக்பீக்குச் சந்து கிடைப்பது 15, 20, 25-ல். சேனலை மாற்றினால் சில சாதனங்கள் கூடவே வராது, அவற்றைத் திரும்ப இணைக்கவேண்டும். செட்டிங்ஸில் ஸ்டிக்கின் பாதையை வரிசை எண்ணால் கொடுக்காமல், ஸ்டிக்கின் சொந்த அடையாளம் இருக்கும் by-id பாதையால் கொடுங்கள். இல்லையென்றால் கழற்றி மாட்டும்போது 0 இருந்த இடத்தில் 1 வந்து, ஜிக்பீ முழுவதும் படுத்துவிடும்.

வீட்டில் யாராவது ஜிக்பீ பல்பின் சுவிட்சை சுவரிலேயே அணைத்தாலும் இதே கதைதான். அந்தப் பல்பு வழியாகப் பேசிய சென்சார்கள் எல்லாம் ஊமையாகிவிடும்.

கரன்ட் போய் வரும்போது: பை 4-ல் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, இன்டர்நெட் வந்த பிறகுதான் சரியான நேரம் தெரியும். அதுவரை நேரம் பார்த்து ஓடும் ஆட்டோமேஷனை நம்பமுடியாது. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போடுங்கள், பையை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். இன்வெர்ட்டரின் பின்புறத் தேர்வு யுபிஎஸ் மோடில் இருக்கட்டும். சாதா மோடில் மாறும் நேரம் கூடுதல், பை ரீஸ்டார்ட் ஆகிவிட வாய்ப்புண்டு.

பேக்கப்பை அதே கார்டில் வைத்தால் கார்டோடு சேர்ந்து போகும். நெட்வொர்க் டிரைவிலோ கிளவுடிலோ ஒரு நகல் வேண்டும். பேக்கப்பைப் பூட்டும் என்கிரிப்ஷன் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், அது இல்லாவிட்டால் பேக்கப் இருந்தும் திறக்காது.

கன்ட்ரோலர் செத்தாலும் வீடு இருட்டாகக் கூடாது. சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கும் ரிலேயில் டிட்டாச்டு மோட் போட்டால் சுவர் சுவிட்ச் வெறும் செய்திதான் அனுப்பும், கேட்க ஆளில்லாதபோது விளக்கு எரியாது. மெயின் விளக்குகளுக்கு அந்த மோட் வேண்டாம். தண்ணீர் மோட்டாருக்கு இன்னும் கவனம் தேவை. 1 ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரன்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் சின்ன ரிலே அந்த அடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அணைக்கச் சொன்னாலும் அணையாது. நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய கரன்டைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) வையுங்கள், ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கட்டும். அணைக்கும் நேரத்தையும் ஆட்டோமேஷனிடம் விடாமல் ரிலேக்குள்ளேயே இருக்கும், குறித்த நேரத்தில் தானாக அணைக்கும் இன்ச்சிங் டைமரில், டேங்க் நிரம்பும் நேரத்தைவிட ஐந்து நிமிடம் கூட்டி வையுங்கள். மோட்டார் ஓடும்போது பை உறைந்தாலும் ரிலே தானாகவே அணைத்துவிடும்.