காந்த ஃபில்ரர்: பொயிலருக்கு நல்லது, எனக்குத்தான் ஒத்துவரவில்லை

வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு புரட்டாதியிலும் அதைத் திறக்கும்போது என் வாயிலிருந்து வருகிறவற்றைப் பிள்ளைகள் கேட்கக் கூடாது என்று குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

இதை எழுத வைத்தது சின்னம்மாவின் மகன். லண்டன் க்ரொய்டனில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறான். பொயிலர் மாற்ற விலை கேட்டால், வந்த எல்லா விலையிலும் ஹீற்றிங் குழாய்களைக் கழுவ, காந்த ஃபில்ரர் (தண்ணீரில் சுற்றும் இரும்புத் துகளைக் காந்தத்தால் பிடிக்கிற பொருள்) பூட்ட, இன்ஹிபிற்றர் (துருவைத் தடுக்கிற மருந்து) ஊற்ற என்று தனியாக ஒரு தொகை. "அண்ணை, உண்மையாத் தேவையோ, இல்லாட்டிக் காசு கறக்கிறாங்களோ?" என்றான். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை.

எங்கள் வீடு ஹரோவில், 1930களில் கட்டிய செமி, அதாவது ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு. ஹீற்றிங் எவ்வளவோ காலம் கழித்துப் பூட்டியது. 10 மில்லிமீற்றர் மெல்லிய செப்புக் குழாய்கள், லொஃப்ற்றில் வாய் திறந்த ஒரு தண்ணீர்த் தொட்டி. ஹீற்றிங்கையும் குளிக்கிற சுடுதண்ணீரையும் ஒன்றாகத் தரும் கொம்பி பொயிலர் போட்டபோது தொட்டி போனது. குழாய்களும் றேடியேற்றர்களும் அப்படியே இருந்தன. ஹோலில் இருக்கும் பெரிய றேடியேற்றர் மேல்பக்கம் கை வைக்க முடியாத சூடு, அடியில் நடுப்பகுதி மட்டும் சில்லென்று கிடக்கும். மேலே குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று, அடியில் குளிர்ந்திருந்தால் உள்ளே சேறு. இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாலே எஞ்சினியர் சொல்வதில் பாதி விளங்கும்.

அந்தச் சேறு வெளியிலிருந்து வந்த ஊத்தை இல்லை. றேடியேற்றரே கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வருவதுதான். உருக்குத் தகடு, தண்ணீர், தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் துரு. அதுவே ஒட்சிசன் குறைந்த, சூடான குழாய்க்குள் மக்னரைற் என்ற கறுப்பு இரும்பு ஒட்சைட்டாக மாறும். அப்படி மாறும்போது ஐதரசனும் வெளிவரும். அடிக்கடி சாவி போட்டுக் "காற்று" எடுக்க வேண்டி வருகிறதென்றால் அது காற்றாகவே இல்லாமல் இருக்கலாம். நெருப்புக்குச்சி பிடித்துச் சோதித்துப் பார்க்கிற பிளம்பர்மாரும் உண்டு. நீங்கள் அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. றேடியேற்றரிலிருந்து கொஞ்சத் தண்ணீரைக் கண்ணாடி ஜாம் போத்தலில் பிடித்து, சற்று நேரம் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் போத்தலின் வெளிப்பக்கம் வைத்து மெதுவாக இழுங்கள். எங்கள் போத்தலில் அடியில் படிந்திருந்த கறுப்பு காந்தத்தோடு சேர்ந்து கண்ணாடியில் ஏறி வந்தது. மனைவி பார்த்துவிட்டு, "இதையோ இவ்வளவு நாளும் சூடாக்கிக்கொண்டு இருந்தனாங்கள்?" என்றாள். அதற்குப் பிறகு கழுவுகிற செலவைப் பற்றி வீட்டில் விவாதம் இருக்கவில்லை.

கழுவ வந்தவர் நல்ல மனிதர், வேலையும் நல்லது. பம்ப் மெஷினைப் பொருத்தி, கிளீனர் மருந்தை ஊற்றி, ஒவ்வொரு றேடியேற்றராக மற்றவற்றை மூடிவிட்டு, தண்ணீரை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி ஓட்டினார். இடையிடையே றபர்ச் சுத்தியலால் தகட்டில் தட்டுவார். மெல்லிய குழாய் என்பதால் ஹோல் றேடியேற்றருக்கு மட்டும் நீண்ட நேரம் எடுத்தது. முதலில் வந்த தண்ணீர் எழுதுகிற மை மாதிரி. பின்னேரம் ஆகும்போது குழாய்த் தண்ணீரைப் போலத் தெளிந்துவிட்டது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: கிளீனர் மருந்து முழுவதும் கழுவி வெளியேறிய பிறகுதான் இன்ஹிபிற்றர் ஊற்ற வேண்டும். அவசரக்காரர்கள் இந்தக் கடைசிக் கழுவலைத்தான் சுருக்கிவிடுவார்கள்.

அதே நாளில் ஃபில்ரரும் பூட்டினார். பொயிலருக்குத் தண்ணீர் திரும்பி வரும் குழாயில், பொயிலருக்குக் கிட்டவாக இருக்க வேண்டும் என்பது சரியான விதிதான். றேடியேற்றர்களைச் சுற்றி வரும் துகள் பொயிலருக்குள் நுழையுமுன் பிடிபட வேண்டும். அந்தக் காலத்து வார்ப்பிரும்புப் பொயிலர் சேற்றைத் தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும். 2005 ஏப்ரலில் கொண்டென்சிங் வகை (வெளியே போகும் புகையின் சூட்டையும் பிடித்துக்கொள்வது) கட்டாயமானதற்குப் பிறகு வந்தவற்றில் தண்ணீர் போகும் வழி ஒடுக்கம். கொம்பியில் குளிக்கிற தண்ணீரைச் சூடாக்கும் பிளேற் இன்னும் ஒடுக்கம். அது அடைத்தால் ஷவரில் தண்ணீர் சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் வரும். போதாததற்கு இப்போது வரும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற பம்புகளின் சுழலியே நிரந்தரக் காந்தம். நீங்கள் ஃபில்ரர் போடாவிட்டால் அந்த வேலையைப் பம்ப் செய்யும், அதாவது சேற்றைத் தன்மேல் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பம்பின் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

ஆக, பொருளில் பிழை இல்லை. பிழை அது இருக்கிற இடத்தில். எங்கள் ஃபில்ரர் பொயிலருக்கு நேர்கீழே, குசினி மேசைத் தட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தொங்குகிறது. தண்ணீர் இறக்கும் வாய் அதன் அடியில். அந்த நாலு விரல் இடைவெளியில் வாளி வைக்க முடியாது, சட்டி வைக்க முடியாது, சோற்றுக் கோப்பைகூடப் போகாது. நாலு பைன்ற் பால் போத்தலைக் குறுக்காகக் கீறி, அரைவாசியைச் சரித்துத் தள்ளி வைத்துப் பிடிக்கிறேன். அது நிரம்புமுன் வால்வைப் பூட்டி, கவனமாக இழுத்து, குசினிச் சிங்கில் ஊற்றி, திரும்ப வைக்க வேண்டும். இரண்டு பக்க வால்வுகளில் பின்பக்கத்தது சுவரைப் பார்த்து இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் திருப்ப வேண்டும். "குழாய் அங்கேதானே வருகிறது" என்று பூட்டியவர் சொன்னார். குழாய் அங்கேதான் வருகிறது, உண்மை. ஒரு முழங்கை வளைவு போட்டுப் பக்கத்து அலுமாரிக்குள் கொண்டுபோயிருந்தால் கீழே வாளி நின்றிருக்கும்.

மூடியைக் கழற்றியதும் மனம் கொஞ்சம் ஆறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே காந்தக் கம்பி ஓர் உறைக்குள் இருக்கும். உறையைச் சுற்றி, காந்தத்தின் கோடுகள் எப்படிப் போகின்றனவோ அப்படியே, கறுப்பு மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். காந்தத்தை உறையிலிருந்து உருவி எடுக்க வேண்டியதுதான், அவ்வளவும் வழுக்கி விழுந்துவிடும். விரலிடுக்கில் எடுத்துத் தேய்த்தால் மணல் கிடையாது, பவுடரைவிட நைசு. நகக்கண்ணில் போனது இரண்டு நாளைக்கு இருக்கும். வெள்ளைத் துணியில் பட்டால் அந்தத் துணியை மறந்துவிடுங்கள்.

இன்னொரு வசதியை நான் எதிர்பார்க்கவே இல்லை: மருந்து ஊற்றும் வழியும் அதுவேதான். முன்பென்றால் இன்ஹிபிற்றரை றேடியேற்றரின் மூலைத் துளையால் ஏற்ற வேண்டும், கீழே கம்பளம், மேலே நடுங்கும் கை. இப்போது வால்வுகளைப் பூட்டி, மூடியைத் திறந்து, ஃபேர்னொக்ஸ் எஃப்1 அல்லது சென்ரினல் எக்ஸ்100 எதுவானாலும் நேராக ஊற்றி மூடிவிடலாம். அலுவல் முடிந்தது.

ஆனால் அடுத்த எரிச்சல் இங்கே தொடங்குகிறது. ஃபில்ரரைத் திறந்தால் அமுக்கம் விழும். குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டிய மீற்றர் பூச்சியத்துக்குப் போய்விடும். திரும்பக் குழாய்த் தண்ணீரை ஏற்றினால், அதோடு புது ஒட்சிசனும் போகிறது. துருவை எடுக்கத் திறந்து, துருவுக்குத் தீனி போட்டு மூடுகிறோம். வருடத்தில் ஒரு தரம் ஒரு லீற்றர் அளவு என்றால் பெரிய பாதிப்பு இல்லை. மூடிய அமைப்பில் உள்ளே போன ஒட்சிசன் கொஞ்ச நாளில் தீர்ந்து, அரிப்பும் அடங்கிவிடும். ஹீற்றிங்குக்குப் பழைய தண்ணீர்தான் நல்ல தண்ணீர். கிழமைக்குக் கிழமை ஏற்றினால்தான் ஆபத்து.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். கழுவி ஒரு குளிர்காலம் போன பிறகும் காந்தத்தில் கட்டியாகச் சேறு வந்தது. மீற்றரோ கிழமைக்குக் கிழமை இறங்கியது. சேர்விஸ் செய்ய வந்தவர், "இறங்கினால் ஏற்றிவிடுங்கள், ஒன்றும் செய்யாது" என்றார். அடுத்த வருடம் வந்த வேறொருவர் பொயிலரைத் தொடாமல் முதலில் வெளிச்சுவருக்குப் போனார். அங்கே சுவரை நோக்கி வளைந்திருக்கும் சின்னச் செப்புக் குழாயின் நுனி ஈரம். விரிவுக் கலத்தில் காற்று இறங்கிப் போயிருந்தது. தண்ணீர் சூடாகி விரிய இடமில்லாமல் அமுக்கம் 3 பாருக்கு ஏறும், பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே துப்பும், குளிர்ந்ததும் மீற்றர் விழும். கார்ச் சில்லுக்கு அடிப்பதுபோன்ற பம்பால் காற்று ஏற்றினார், வால்வை மாற்றினார், ஒழுக்கு நின்றது. அதற்குப் பிறகு காந்தத்தில் வருவது மெல்லிய ஒரு பூச்சு மட்டுமே.

ஃபில்ரர் இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருப்போமா? சந்தேகம். மீற்றர் இறங்குவதை எல்லோரும் பழகிக்கொள்கிறோம், அள்ளுகிற சேறு கூடுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அந்த வகையில் என்னை ஏசவைத்த பொருளே என் பொயிலரைக் காப்பாற்றியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பியின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: இது கடைக்காரர் கிளப்பிய புரளி இல்லை. 2019இல் திருத்திய பிஎஸ் 7593 என்ற பிரித்தானியத் தரமே கழுவு, இன்ஹிபிற்றர் போடு, ஃபில்ரர் பூட்டு என்கிறது. மருந்தின் அளவை வருடா வருடம் பார்க்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும் அல்லது மருந்தைப் புதிதாகப் போட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பொயிலர்க் கொம்பனிகளும் உத்தரவாதத்தோடு இதை முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன, பத்திரத்தை வாசியுங்கள்.

ஆனால் கையில் இருக்கிற காசுக்கு ஒன்றுதான் முடியும் என்றால், இவ்வளவு புகழ்ந்த பிறகும், ஃபில்ரரைத்தான் கடைசிக்குத் தள்ளுவேன். அது வந்த துருவைப் பிடிக்கும், துரு வருவதை நிறுத்தாது. நிறுத்துவது ஒழுக்கில்லாத குழாயும் அந்தச் சின்னப் போத்தல் மருந்தும். எல்லாவற்றுக்கும் காசு இருந்தால் நல்ல ஃபில்ரராகவே பூட்டுங்கள். பூட்டுகிறவர் துளையிடுமுன் ஒரு வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள், வாளி எங்கே நிற்கும் என்று கேளுங்கள்.

எங்களுடையதை அலுமாரிப் பக்கம் மாற்ற எவ்வளவு என்று போன கிழமை ஒருவரிடம் கேட்டேன். ஃபில்ரரின் விலையைவிடக் கூடச் சொன்னார். அதனால் அது அங்கேதான் இருக்கப் போகிறது, நானும் அடுத்த பால் போத்தலை எறியாமல் கழுவி வைத்திருக்கிறேன். இன்று எழுதுவதால் 5க்கு 2 புள்ளி. தை மாதக் குளிரில் கேட்டிருந்தால் 4 போட்டிருப்பேன்.