மாலை வெளிச்சம், அறுபது குழந்தைகள், ஒரு மடக்கு ஏணி: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

குழந்தைகளின் குழுப் படம் எடுக்கப் புறப்படும்போது வண்டியில் முதலில் ஏறுவது ஏணி. அப்புறம்தான் கேமராப் பை. நான்கு படி வைத்த சாதாரண அலுமினிய மடக்கு ஏணி. வீட்டில் பல்பு மாற்ற வைத்திருப்பார்களே, அதே ரகம். பள்ளி விழா, விடுமுறை முகாம், விளையாட்டுப் போட்டி என்று பல வருடங்களாக என்னோடு அலைகிறது. இடையில் கேமரா மாறியது, லென்ஸ்கள் வந்து போயின. ஏணி மாறவில்லை. ஐம்பது அறுபது குழந்தைகளை மாலை வெளிச்சத்தில் ஒரே படத்துக்குள் கொண்டுவர வேண்டியவர்கள், அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடலாம்.

ஏணியின் பெரிய பலன் அடிவானத்தில் இருக்கிறது. சமதரையில் எடுக்கும் படத்தில் அடிவானக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்திலேயே விழும். நின்றபடி கண்ணருகே கேமராவைப் பிடித்தால் அந்த உயரம் ஏறத்தாழ 1.5 மீட்டர். பெஞ்சின் மேல் நிற்கும் கடைசி வரிசைக் குழந்தைகளின் முகங்களும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே கோடு அவர்களுடைய காது வழியாக ஓடும். தலைக்குப் பின்னால் வெறும் வானம் நிற்கும். நடுப்பகலில் இதைச் சமாளித்துவிடலாம். சூரியன் அவர்கள் முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கும் மாலையில் முடியாது. முகத்துக்கு ஒளி அளந்தால் வானம் வெளுத்து, பறக்கும் முடியையும் காது மடலையும் தின்றுவிடுகிறது. வானத்துக்கு அளந்தால் முகங்கள் இருண்டுவிடுகின்றன. மூன்றாம் படியில் ஏறி நின்றால் கேமரா சுமார் 2.3 மீட்டருக்குப் போகிறது. அடிவானம் எல்லாத் தலைகளுக்கும் மேலே ஏறிவிடுகிறது. இப்போது முகங்களுக்குப் பின்னால் இருப்பது புல்லோ மண்ணோ தூரத்து மரங்களோதான். முகத்துக்குத் தாராளமாக ஒளி கொடுக்கலாம். முடியோரத்தில் விழும் அந்தப் பொன்னிற விளிம்பும் கருமையான பின்னணியில் துலக்கமாக எழும்பி நிற்கும். முக்கால் மீட்டர் உயரம் செய்யும் இந்த வேலையை எந்த மென்பொருளிலும் இவ்வளவு சுத்தமாக நான் செய்து பார்த்ததில்லை.

முன்னால் நிற்பவனின் தலை பின்னால் இருப்பவளின் மோவாயை மறைப்பதும் பெருமளவு நின்றுவிடுகிறது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

பலரும் சொல்லும் இன்னொரு பலன், மேலிருந்து எடுத்தால் எல்லா வரிசையும் ஃபோகஸில் வரும் என்பது. உண்மைதான், ஆனால் லாபம் சிறியது. நான்கு வரிசைகளின் ஆழம் 1.2 மீட்டர் என்றால், 7 மீட்டர் தூரத்தில் ஏணி மேலிருந்து கேமரா 10 டிகிரி அளவுக்குத்தான் கீழ்நோக்கிச் சாயும்; ஃபோகஸ் தளமும் (படம் மிகக் கூர்மையாக விழும் கற்பனைச் சுவர்) அதே அளவு பின்னால் சாயும். ஈடுகட்ட வேண்டிய ஆழம் 1 மீட்டர் சொச்சமாகக் குறையும். அவ்வளவே. இதற்காக மட்டும் யாரும் ஏணி சுமக்க வேண்டாம்.

ஃபோகஸ் பேச்சு வந்ததால், "பெரிய கூட்டமா, எஃப் 8 வை" என்ற அறிவுரையையும் பார்த்துவிடலாம். எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு அளவு; எண் கூடினால் திறப்பு சுருங்கும், வெளிச்சம் குறையும், கூர்மையாக விழும் தூரம் கூடும். மாலையில் அதைக் கண்மூடிப் பின்பற்றினால் படம் கெடும். அறுபது குழந்தைகளை நான்கு வரிசையாக நிறுத்தினால் வரிசைக்குப் பதினைந்து பேர், அகலம் சுமார் 6 மீட்டர். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, முழுச் சட்ட கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு உணரி உள்ளது) 35 மி.மீ. லென்ஸோடு 7 மீட்டர், 50 மி.மீ. லென்ஸோடு 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு தள்ளி நின்றாலே தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாக விழும் தூரம், தானாகக் கூடிவிடுகிறது. 35 மி.மீ. லென்ஸில் எஃப் 4 வைத்து 7 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், வழக்கமான 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தில் (ஒரு புள்ளி இவ்வளவு பரவினாலும் கூர்மையாகவே தெரியும் என்ற வரம்பு) பாதியை மட்டும் அனுமதித்துக் கறாராகக் கணக்கிட்டாலும், 5.2 மீட்டர் முதல் 10.7 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். நான்கு வரிசைக்கு இது ஏராளம். எஃப் 8-க்குப் போனால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் வீண் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). 1/250 நொடியில் எடுக்க வேண்டிய படம் 1/60-க்கு இறங்கும். பெரியவர்கள் 1/60-க்கு அசையாமல் நிற்பார்கள். ஏழு வயதுக் குழந்தை நிற்காது. இரண்டாம் வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் பின்னலை இழுத்துக்கொண்டே இருப்பாள். அவள் கை மட்டும் படத்தில் புகையாக இருக்கும். நான் எஃப் 4-இல் நிற்கிறேன். அதற்கும் கீழே திறக்காததற்குக் காரணம் ஆழம் அல்ல; என் லென்ஸின் ஓரங்கள் அங்கே சோர்ந்துவிடுகின்றன, ஓரத்துக் குழந்தைக்கும் அம்மா உண்டு.

நேரக் கணக்கு இரக்கமற்றது. பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குகிறது: 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரத்தில் தொடங்கும் பொன்னொளி சுமார் 24 நிமிடத்தில் முடிந்துவிடும். தள்ளிப்போகப் போகச் சாய்வாக இறங்குவதால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அறுபது குழந்தைகளை உயரப்படி நிறுத்தவே அதில் பாதி போய்விடும் என்பதால், வரிசையை நிழலில் வைத்தே அமைத்துவிட்டு, கடைசியில் அப்படியே நடத்திக் கூட்டி வருவது என் வழக்கம்.

இந்த இடத்தில் ஏணி காலை வாரும் என்பதையும் சொல்ல வேண்டும். சூரியன் 10 டிகிரி உயரத்தில் எனக்குப் பின்னால் இருந்தால், ஏணி மேல் நிற்கும் என் நிழல் 14 மீட்டர் நீளும். 7 மீட்டரில் இருக்கும் குழந்தைகளின் நடுவே ஏணியும் தொப்பியுமாக நான் கறுப்பாக நிற்பேன். எப்படியும் நேர் வெயில் முகத்தில் பட்டால் எல்லாரும் கண்ணைச் சுருக்குவார்கள்; அதனால் சூரியனை அவர்கள் முதுகுப் பக்கம், சற்றே ஒரு ஓரமாக வைப்பதுதான் சரி. லென்ஸுக்குள் ஒளி பாயாதா என்றால், கேமரா கீழே சாய்ந்திருப்பதால் 35 மி.மீ. சட்டத்தின் மேல் விளிம்பு அடிவானத்துக்கு 9 டிகிரி மேலேயே முடிந்துவிடுகிறது; நிமிர்த்திப் பிடித்தால் அது 19 டிகிரி. சூரியன் 9 டிகிரிக்குக் கீழே வரும்வரை சட்டத்துக்கு வெளியே இருக்கும். ஓரக் கசிவுக்கு லென்ஸ் முன்னால் மாட்டும் நிழல் வளையம் (ஹூட்) போதும். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு மரத்தின் பின்னால் அதை ஒளித்தாக வேண்டும்.

உண்மையில் எனக்குப் பிடித்தது சூரியன் மறைந்த பின் வரும் பத்து நிமிடம். வானம் முழுவதும் ஒரே விளக்காக மாறிவிடுகிறது, நிழல் இல்லை, எல்லாரும் கண்ணை விரித்துப் பார்க்கிறார்கள். எஃப் 4, 1/250, ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 1600 என்று தொடங்கி, இருட்ட இருட்ட ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றிக்கொண்டே போவேன். புள்ளிகள் தெரிந்தால் தெரியட்டும். அசைந்த முகத்தைவிட அது மேல்.

ஏணியின் அடுத்த பலன் எதிர்பாராதது: கவனம். குழந்தைகள் படத்தில் ஆளுக்கொரு திசை பார்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெரியவர்கள்தான். இடப்பக்கம் ஓர் ஆசிரியர் கை தட்டுவார், வலப்பக்கம் ஒரு தாத்தா செல்பேசியை நீட்டிப் பேரனைக் கூப்பிடுவார். ஏணி வந்ததும் எல்லாப் பெரியவர்களையும் அதன் பின்னால் அனுப்பிவிடுகிறேன். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒருவர் தேவை என்பது நல்ல சாக்கு. குழந்தைகளுக்கோ ஏணி மேல் ஏறும் மனிதனைவிடச் சுவாரஸ்யமான காட்சி வேறில்லை.

"மாமா, நீங்கள் கீழே விழுந்துவிடுவீர்களா?"

"மூன்று எண்ணும்வரை விழமாட்டேன். பார்த்துக்கொண்டே இரு."

அறுபது ஜோடிக் கண்களும் ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

கண் சிமிட்டல் தனிப் பிரச்சினை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும், யாரும் கண் மூடாத ஒரு படம் கிடைக்க எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு) வாங்கினார்கள். இருபது பேருக்குள் என்றால் நல்ல வெளிச்சத்தில் தலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால்; வருவதே எடுக்க வேண்டிய படங்கள். ஐம்பது பேரைத் தொட்டால் ஒரே படத்தில் கிடைக்கும் என்ற ஆசையையே விட்டுவிடலாம். அனுபவமும் அதையே சொல்கிறது. ஏணியின் கைப்பிடி வளைவில் முழங்காலைச் சாய்த்து, கேமராவை நகர்த்தாமல் தொடர்ச்சியாக இருபது படமாவது எடுத்துவிட்டு, பிறகு கணினியில் ஒன்றிரண்டு முகங்களை மட்டும் மாற்றிவைக்கிறேன். கைப்பிடி இல்லாத ஏணியில் இது நடக்காது.

ஃபிளாஷ் பற்றிச் சுருக்கமாக. கூட்டத்தின் ஒரு பக்கம் தாங்கியில் வைத்தால், 3 மீட்டரில் இருப்பவனுக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 9 மீட்டரில் இருப்பவளுக்குக் கிடைக்கும். கேமரா மேலேயே வைத்து 7 மீட்டரிலிருந்து அடித்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வித்தியாசம் அரை ஸ்டாப்தான். உயரத்திலிருந்து அடிப்பதால் முன்வரிசையின் நிழலும் பின்வரிசையின் முகத்தில் விழாமல் கீழே இறங்கிவிடும். மாலை நிறத்தோடு ஒட்ட, பாதி அடர்த்தி ஆரஞ்சுத் தாள் ஒன்றை முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி உழைப்பின் அடையாளங்கள். கால்களின் ரப்பர் குல்லாய்தான் முதலில் தேய்ந்தது. இரண்டு முறை மாற்றியாயிற்று. ஒரு காலின் ரப்பர் தேய்ந்து மற்றது தேயாவிட்டால், சமதரையிலும் ஏணி நொண்டும். விரிப்புக் கம்பியின் ரிவெட்டுகள் லேசாக ஆடத் தொடங்கியிருப்பதால் ஏறுமுன் ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்க்கிறேன். அலுமினியம் உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டும். அதே கையால் வெள்ளைச் சீருடைக் குழந்தையின் காலரைச் சரிசெய்யக் கூடாது. ஈர மைதானத்தில் கால்கள் புதையும் என்பதால் இரண்டு பலகைத் துண்டுகள் கூடவே வருகின்றன. மின்கம்பி போகும் இடத்தில் அலுமினிய ஏணியை விரிக்கவே கூடாது. படம் முடிந்த அடுத்த நொடி நான் இறங்கி ஏணியை மடக்கிவிடுவேன். விட்டால் அறுபது பேரும் அதில்தான் இருப்பார்கள்.

மாடி வராந்தாவிலிருந்தும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு உயரத்தில் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் ஆகி, குழந்தைகள் தவளைக் குஞ்சுகள் போல் தெரிகிறார்கள். நீண்ட கம்பில் கேமராவை ஏற்றிச் செல்பேசியில் பார்த்து எடுக்கலாம். திரையில் படம் ஒரு கணம் தாமதித்து வருவதால் சிரிப்பு தப்பிவிடுகிறது.

இன்று வாங்குவதாக இருந்தால், குறுகிய படி வைத்ததைத் தொடமாட்டேன். பத்து நிமிடம் நின்றால் உள்ளங்கால் வலிக்கிறது. மேல்படி அகலமாக, இடுப்பளவு வளைவோடு, 150 கிலோ தாங்கும் முத்திரையுள்ள ஏணியாகப் பார்ப்பேன். கூடுதல் எடையைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்குள் எடுப்பவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். ஏறி நிற்க உறுதியான ஒரு ஸ்டூல் போதும்.