சீக்குக் கோழிக்கு நொய்க்கஞ்சியா, குஞ்சுத் தீவனமா, டானிக்கா?

இறகை உப்பிக்கொண்டு, கண்ணைச் செருகிக்கொண்டு பஞ்சாரத்து ஓரத்தில் ஒரு கோழி நின்றால், திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் உடனே அடுப்பில் ஏறுவது நொய்க்கஞ்சி. "ரெண்டு வாய் கஞ்சி எறங்கிட்டுன்னா எந்திச்சிரும், பாத்துக்கோ" என்பார்கள் ஆச்சிமார். இளவட்டங்களைக் கேட்டால் மருந்துக்கடை டானிக் என்பார்கள். இந்த இழுபறியில் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாதது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த குஞ்சுத் தீவனம். என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் எதை ஊட்டுவதற்கும் முன்னால் தண்ணீர். கழிச்சலில் நீர் வற்றிய கோழிக்கு இரை உள்ளே போனாலும் செரிக்காது. இங்கே போட்டி கருப்பட்டித் தண்ணீருக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்துக்கும். கருப்பட்டி தெம்பு தரும், சரி. ஆனால் இழந்த உப்பை ஈடுகட்டப் போதாது, இனிப்பு கூடினால் கழிச்சலும் கூடும். அதனால் ஓஆர்எஸ்தான் மேல். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் அந்த உப்பே கோழிக்குக் கேடு. ஓரிரு நாள் போதும், பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

இனி கஞ்சி. தாமிரபரணிப் பாசனத்து ஊர்களில் நொய்க்குப் பஞ்சமில்லை. தொண்டையில் லேசாக இறங்கும், எளிதில் செரிக்கும். முதல் நாளுக்கு நல்லது. ஆனால் அரிசியில் புரதம் 7 சதவீதம் அளவுக்குத்தான். கஞ்சியாக்கினால் அதிலும் பெரும்பங்கு தண்ணீர். இரைப்பை நிரம்பித் தெரியும், நெஞ்செலும்பு மட்டும் நாளுக்கு நாள் துருத்திக்கொண்டே வரும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காரர்கள் கொடுக்கும் கம்பங்கூழ் இதைவிடத் தேவலாம். கம்பில் புரதம் 11 சதவீதம் அளவில் இருக்கிறது. முழுக் கம்பாகப் போடக்கூடாது, சோர்ந்த கோழி அதைக் கிளறிவிட்டு நிற்கும்.

குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வைட்டமினும் தாது உப்பும் கலந்தே வரும். முட்டைக்கோழித் தீவனம் கைவசம் இருக்கிறதே என்று அதைப் போட வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவீதத்துக்கு மேல். முட்டையை நிறுத்திவிட்ட கோழிக்கு அது சிறுநீரகத்துக்குச் சுமை. குஞ்சுத் தீவனத்தில் 1 சதவீதம் அளவுதான். புட்டு மாவுப் பதத்துக்குப் பிசைந்து அகலத் தட்டில் வைத்து, விரல் நுனியால் தட்டில் டொக் டொக்கென்று தட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு கோழி கொத்துகிறது என்று நினைத்தோ என்னவோ, குனிந்து ஒரு வாய் எடுக்கும். நம்மூர் வெயிலில் நனைத்த தீவனம் ஓரிரு மணி நேரத்தில் புளித்துவிடும். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிசைவதில் சோம்பல் கூடாது. விலை நொய்யைவிட அதிகம்தான். ஆனால் ஒரு கோழிக்கு மூட்டையா வாங்கப் போகிறோம்?

அவித்த முட்டையை மசித்து வைத்தால் எதையும் தொடாத கோழிகூடத் தொடும். ஆசை காட்ட அது நல்லது, முழுச் சாப்பாடாக ஆக்க வேண்டாம். பால் வேண்டவே வேண்டாம், வயிறு போகும்.

டானிக்தான் எனக்குக் கடைசி. சாப்பிடாத கோழிக்கு வைட்டமின் சொட்டு மட்டும் விட்டால் எதை வைத்து உடம்பு தேறும்? இன்னொரு சிக்கலும் உண்டு. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் கூட்டின் தரை ஈரமாகி இரத்தக் கழிச்சல் வரும். அதற்குக் கொடுக்கும் ஆம்ப்ரோலியம், கிருமிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் செய்துதான் வேலை பார்க்கிறது. அந்த நேரத்தில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் சேர்த்து ஊற்றினால் மருந்து வலுவிழக்கும். மருந்து முடிந்த பிறகு கொடுக்கலாம்.

தானாகக் கொத்த விடுவதா, சிரிஞ்சில் ஊட்டுவதா? கொத்துகிற கோழிக்கு ஊட்டாதீர்கள். மல்லாத்திப் பிடித்து வாயில் ஊற்றினால், நாக்குக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத் துவாரம் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும்; நோயில் தப்பிய கோழி இதில் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். கழுத்தே நிற்காத கோழிக்குக் குழாய் வழியாக ஊட்ட வேண்டியிருக்கும். அது மருத்துவர் வேலை.

அம்மையில் கண்மூடிக் கிடக்கும் கோழியை இரை ஊட்டியே காப்பாற்றலாம். வெள்ளைக் கழிச்சல் அப்படியல்ல. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து முறுக்கிக்கொண்டால், அது வைரஸ். கஞ்சியோ தீவனமோ சீரகம், மிளகு, கீழாநெல்லி உருண்டையோ அதைக் குணமாக்காது. சீக்குக் கோழியைப் பிரித்து வையுங்கள். மற்றவற்றுக்கு 8வது வாரத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போக முடியாதவர்கள் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைக்கலாம்.

எதை ஊட்டினாலும் காலையில் முதல் வேலையாகக் கழுத்தடி இரைப்பையைத் தடவிப் பாருங்கள். இரவு தின்றது அப்படியே இருந்தால் அடுத்த வேளை இரை வைக்காதீர்கள், தண்ணீர் மட்டும்.