கார்பரெக்கா, செக்லெமா?

நார்வே நாட்டுப்புற இசையை சாக்ஸபோனில் கேட்கணும்னா பலரும் கைகாட்டுவது யான் கார்பரெக்கை. 1988இல் பதிவான 'ரூசென்ஸ்ஃபூலே' தொகுப்பில் ஆக்னஸ் பூயென் கார்னோஸ் நார்வேயின் இடைக்காலப் பாடல்களைப் பாட, கார்பரெக் சுற்றிலும் இசை பின்னுகிறார். கூர்மையான ஒலி, நீண்ட எதிரொலி, சுரங்களுக்கு நடுவே தாராளமான மௌனம். விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டியது. சில நேரம் அழகு கூடிப்போய்க் குளிர்கிறது.

கார்ல் செக்லெமும் நார்வே சாக்ஸபோன் கலைஞர்தான், ஆனால் வேறு ரகம். டெனர் சாக்ஸபோனோடு ஆட்டுக்கொம்பையும் ஊதுவார். 'உட்லா' குழுவில் அவருக்குத் துணை ஹோகன் ஹெகெமோவின் ஹார்டாங்கர் ஃபிடில், அதாவது நார்வேயின் நாட்டுப்புற வயலின். வில் படாத அடித்தந்திகள் தாமாக அதிர்ந்து ரீங்கரிக்கும். கொம்பு பியானோச் சுருதிக்கு அவ்வளவாக அடங்காது. முதல் தடவை காது கூசலாம்.

எனக்குக் கொம்புதான்.