மட்டக்களப்பு டவுன்ல வாங்கின பாப்-அப் புத்தகம்

டவுன்ல ஒரு கடையில மகளுக்கு டைனோசர் பாப்-அப் புத்தகம் வாங்கினன், பக்கத்தத் திறந்தா மடிச்ச அட்டையெல்லாம் விரிஞ்சி எழும்பி நிக்கிது, புள்ள கைய எடுக்கிறாளே இல்ல! ஒட்டின இடமெல்லாம் நல்ல இறுக்கம். அட்டைய வெட்டுறதுதான் மெஷின், மடிச்சி ஒட்டுறது இன்னும் ஆக்கள்ட கையாலதான். 1800கள்லயே ஜெர்மனியில லோதர் மெகன்டோர்ஃபர் எண்ட படப் புத்தகக் கலைஞர், நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இரிக்கிற ஒரு அட்டைத் துண்ட இழுத்தா படத்துல உள்ள கை கால் கண்ணெல்லாம் ஒரேயடியா அசையிற மாதிரி சின்னச் செம்புக் கம்பிச் சுருளால அட்டைத் துண்டுகளப் பூட்டி வச்சிரிக்கார், என்ன மூளை அது! இதுலயும் இழுக்கிற நாக்கு இரிக்கு, ஆனா அட்டை மெல்லிசு, கெதியா மடிஞ்சிட்டு. வாவிப்பக்கம் வீடெண்டா ஈரம் படாம அலுமாரியில வைங்க, பசை விட்டா பக்கம் எழும்பாது. விலை கூடத்தான், அந்தக் கைவேலைக்குக் குடுக்கலாம். சின்னக் குழந்தைகள்ட கையில மட்டும் தனிய குடுத்திராதீங்க, கிழிச்சிருங்கள்.